மூன்றாவது பாலத்துக்கு அப்பால்

சைக்கிள் சில்லில் நசுங்கிய பெருஞ்சீரகச் செடியின் மணம் இப்போதும் என் மூக்கில் நிற்கிறது. மெல்பேர்ணின் தென்கிழக்கில், டண்டினோங்கிலிருந்து ஓடைக்கரையோடு கடல் பக்கமாகப் போகும் சரளைப் பாதையின் இரு புறமும் அந்தச் செடி ஆளுயரத்துக்குக் காடாக வளர்ந்து நிற்கும். கோடை முடிகிற நாட்களில் அதன் மணமும் வற்றிய ஓடையின் சேற்று நாற்றமும் ஒன்றாகக் கலந்து, குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் யாரோ இறைச்சிக் கறி காய்ச்சுகிறார்களோ என்று நினைக்க வைக்கும். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, கார் வந்து முட்டிவிடும் என்ற பயமும் இல்லை. "சப்பட்டைப் பாதை" என்று நான் அதற்குப் பெயர் வைத்திருந்தேன். 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் ஞாயிறு பின்னேரங்களில் அப்பாவும் நானும் அதில்தான் சைக்கிள் ஓடினோம். எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஆசையாகப் போனோம் என்று சொல்ல முடியாது, அம்மா எங்களைத் துரத்திவிட்டார் என்பதுதான் உண்மை. வன்னியில் சண்டை இறுகிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, அங்கே அகப்பட்டிருந்தார். தொழிற்சாலையால் வந்தால் உடுப்பும் மாற்றாமல் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து செய்தி பார்ப்பதே அப்பாவின் வேலையாகிவிட்டது. "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கொஞ்சம் வெளியில போட்டு வாங்கோ. உதுக்கு முன்னால குந்திக்கொண்டிருந்தாப்போல சண்டை நிண்டிடுமோ?" என்று அம்மா குசினிக்குள் இருந்து கத்துவார். யாரோ தெருவோரத்தில் எறிந்திருந்த இரண்டு சைக்கிள்களை அப்பா தூக்கி வந்து எண்ணெய் போட்டு வைத்திருந்தார். அவருடைய ஹெல்மெட் அவர் தலைக்குச் சிரட்டை கவிழ்த்ததுபோல இருக்கும். நான் சிரிப்பேன், அவர் சிரிக்கமாட்டார்.

அந்தப் பாதையில் எங்களுக்கு ஓர் எல்லை இருந்தது. வீட்டிலிருந்து போனால் மூன்றாவதாக வருகிற மரப்பாலத்தில் அப்பா நின்றுவிடுவார். அதற்கு அப்பால் நிலம் பதிந்து சதுப்பாகிப் போகும், அப்பாவின் மலிவான போனில் ஒரு கோடுகூட இருக்காது. "இதுக்கங்கால சிக்னல் செத்துப்போகும்" என்பார். அந்த நம்பரைப் பெரியப்பாவுக்கு எப்படியோ ஆள் மாற்றி ஆள் மாற்றிச் சேர்ப்பித்திருந்தார்கள். போன் கிடைத்தால் அழைப்பு எடுப்பேன் என்று அவரும் சொல்லி அனுப்பியிருந்தார். அங்கே ஊருக்கே ஒரு செய்மதிப் போன்தான், நீண்ட வரிசை, ஆளுக்கு இரண்டு நிமிடம். அதனால் அப்பா போனைச் சட்டைப்பையில் வைத்து, சைக்கிள் ஓடும்போதும் ஒரு கையால் அதைத் தொட்டுக்கொண்டே வருவார்.

சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிறு. மறுநாள் வகுப்பில் ஒவ்வொருவரும் விடுமுறையில் பார்த்த ஒன்றைப் பற்றிப் பேசவேண்டும். மற்றப் பிள்ளைகள் கடற்கரை, மலை என்று போய் வந்திருந்தார்கள். எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. ஐந்தாவது பாலத்தடியில் கூழைக்கடாக்கள் வந்திருக்கின்றன என்று ஒரு சிநேகிதி சொல்லியிருந்தாள். மூன்றாவது பாலத்தில் நான் அடம்பிடித்தேன், அழுதேன், சைக்கிளைக் கீழே போட்டேன். கடைசியில், உங்களுக்குப் பெரியப்பாவைத் தவிர வேறு ஒருவரும் தேவையில்லை என்று ஆங்கிலத்தில் கத்தினேன். அப்பா போனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சரி, வா. கெதியாப் போட்டுக் கெதியா வருவம்."

கூழைக்கடாக்கள் நின்றன. தண்ணீருக்குள் நட்டிருந்த கட்டைகளில் வரிசையாக, அலகை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு நின்றன. "சம்மந்தம் பேச வந்த ஆக்கள் மாதிரியெல்லே இருக்கினம்" என்று சொல்லி அப்பா சிரித்தார். எத்தனையோ கிழமைக்குப் பிறகு அவர் சிரித்ததால், நான் இன்னும் கொஞ்சம் நிற்போம் என்றேன். அரை மணித்தியாலம் நின்றோம். அது என் வாழ்க்கையில் சந்தோஷமான அரை மணித்தியாலங்களில் ஒன்று என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

திரும்பி மூன்றாவது பாலத்தில் ஏறும்போது போன் ஒருமுறை கிணுங்கியது. யாரோ எடுத்து, பதிவில் குரல் விட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு அதைக் கேட்கத் தெரியாது, அந்த ஆங்கிலமெல்லாம் என் பொறுப்பு. நான்தான் பொத்தான்களை அழுத்தி, இரண்டு பேருக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தேன்.

பெரியப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதும் கிளறாக இருந்தவர். நாலு ஆங்கில வசனத்தை மரியாதையோடு சொல்லத் தெரிந்தவர். நீங்கள் அழைத்தவர் இப்போது இல்லை, செய்தி விடுங்கள் என்று சொல்லும் இயந்திரப் பெண்ணை, எங்கள் வீட்டில் நிற்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண் என்று அவர் நினைத்துவிட்டார். "ஹலோ, குட் மோர்னிங் மடம். பிளீஸ் கோல் மை பிறதர், மிஸ்டர் ஸ்ரீதரன்" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

பதிவில் மிச்சமெல்லாம் அந்தக் காத்திருப்புத்தான். எங்கோ ஒரு குழந்தை அழுகிறது. "அண்ணை, கெதியா, பின்னால சனம் நிக்குது" என்கிறான் ஒருவன். பெரியப்பா போனிலிருந்து வாயை எடுத்து அவனுக்குச் சொல்கிறார்: "ஒரு பிள்ளைதான் எடுத்தது. கூப்பிடப் போட்டுது. வருவான், கொஞ்சம் பொறுங்கோ." பிறகு காற்று. பிறகு ஒருமுறை, "மடம்?" அதோடு அறுந்துவிட்டது.

அப்பா என்னை ஏசவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பின்னாளில் பலமுறை நினைத்திருக்கிறேன். அந்த நம்பருக்குத் திருப்பித் திருப்பி எடுத்துப் பார்த்தார், போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் ரொறன்ரோவில் இருக்கும் தன் அக்காவுக்கு, என் மாமிக்கு, போன் எடுத்தார். "அண்ணை எடுத்தவர் அக்கா. நான் போனை வீட்டில மறந்து விட்டிட்டுப் போட்டன்" என்றார். அவர் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனதை அம்மா தன் கண்ணால் பார்த்தவர். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் குசினிக்குள் போனார். மறுநாள் நான் வகுப்பில் கூழைக்கடாக்களைப் பற்றிப் பேசினேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

பெரியப்பா பிறகு எடுக்கவேயில்லை. முகாம்களில் இருந்தவர்களின் பட்டியல்களிலும் அவர் பெயர் வரவில்லை. செத்துவிட்டார் என்று ஒருவரும் சொல்லாததால் நாங்கள் ஒரு கிரியையும் செய்யவில்லை, படத்துக்கு மாலையும் போடவில்லை. அந்தப் பதிவைச் சில நாட்களுக்கு ஒருமுறை அழுத்திச் சேமிக்காவிட்டால் அழிந்துவிடும். அப்பா நாலு வருடம் தவறாமல் அழுத்தினார். 2013இல் பழைய போன் செத்து, புதிதோடு வேறு கொம்பனிக்கு மாறியபோது பதிவும் அதோடு போயிற்று. கடையில் நின்ற பொடியன் மன்னிப்புக் கேட்டான். பரவாயில்லை என்று அப்பா சொன்னார். அந்த வருடம் அவருக்குத் தலைமயிர் முழுவதும் நரைத்தது.

போன வருடம் ஒரு கலியாணத்துக்கு மாமி மெல்பேர்ண் வந்திருந்தார். எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு, எத்தனையாவது தடவையாகவோ, "நீ அண்டைக்கு அந்தப் போனைக் கொண்டு போயிருந்தா அவனோட ரெண்டு சொல்லாவது கதைச்சிருப்பியடா" என்றார். அப்பா "ஓம் அக்கா" என்றார். நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். இருபது வயது தாண்டியும் உண்மையைச் சொல்லாமல் தட்டை நீட்டினேன்.

அப்பாவும் நானும் இன்னும் அந்தப் பாதையில் போகிறோம். பெருஞ்சீரகக் காட்டைக் களையென்று வெட்டிவிட்டார்கள், சரளைக்கு மேல் தார் போட்டுவிட்டார்கள், மரப்பாலம் இருந்த இடத்தில் இரும்புப் பாலம் நிற்கிறது. சதுப்புக்கு அருகில் ஓர் உயர்ந்த கோபுரம் முளைத்திருக்கிறது. சிக்னல் செத்த இடம் என்று ஒன்று அங்கே இப்போது இல்லை. ஆனாலும் அப்பா மூன்றாவது பாலத்தைத் தாண்டமாட்டார். "நீ போட்டு வா பிள்ளை, நான் நிக்கிறன்" என்பார்.

போன ஞாயிறு காலை ஐந்தாவது பாலத்தில் தனியே நின்று ரொறன்ரோவுக்கு எடுத்தேன்.

"மாமி, அண்டைக்குப் போன் அப்பாவின்ர பொக்கெற்றுக்குள்ளதான் இருந்தது. நான்தான் அழுது அவரைச் சிக்னல் இல்லாத இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனனான்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். எல்லாக் கோடுகளும் இருந்தன.

"அவன் எங்க?" என்றார்.

"மூண்டாம் பாலத்தடியில நிக்கிறார் மாமி."

"கூப்பிடு அவனை."

"வைச்சிடாதேங்கோ மாமி, பொறுங்கோ, வருவார்" என்று சொல்லி, போனைச் சட்டைப்பையில் போட்டு அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, சைக்கிளைத் திருப்பி மிதித்தேன். அப்பா தூரத்தில், பாலத்துக் கம்பியில் சாய்ந்தபடி, நான் வருகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.