சின்ன வெள்ளை மாத்திரையும் என் முதுகெலும்பும்

எனக்கு முடக்குவாதம். வயசானால் எல்லோருக்கும் வருகிற மூட்டுவலிதானே என்று யாராவது சொன்னால் பற்றிக்கொண்டு வரும். எனக்கு இது நாற்பதிலேயே வந்தது. காலையில் விரல் மடங்காது, பல் விளக்க பிரஷ்ஷைப் பிடிக்க முடியாது. டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினார். ஒன்று வாரத்துக்கு ஒரு நாள் போடுவது. நோயை அடக்குவது அதுதான். இன்னொன்று சின்ன வெள்ளை மாத்திரை, ஸ்டீராய்டு. "இது கொஞ்ச நாளைக்குத்தாம்மா. அப்புறம் குறைச்சு நிறுத்திடுவோம்" என்றார்.

நிறுத்தியிருப்பேன். அந்தச் சமயம் பார்த்து என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து தொலைத்தது. வலது பக்கம் சுத்தமாக விழுந்துவிட்டது. நல்ல கனமான ஆள். பொழிச்சலூர் வீட்டில் நாங்கள் மூன்றே பேர். மகனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை, விடிவதற்குள் பஸ் ஏறிவிடுவான். அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி, பாத்ரூமுக்குக் கொண்டுபோக நான் ஒருத்திதான். ஆள் வைக்கலாம் என்றால் அடுத்தவர் கை படக்கூடாது என்று ஊரைக் கூட்டுவார். டயபர் கட்டினாலும், யூரின் பாட்டில் வைத்தாலும் இடது கையால் பிடுங்கி எறிவார். அவ்வளவு ரோஷம்.

வார மாத்திரை போட்டால் மறுநாள் முழுக்கக் குமட்டும், எழுந்திருக்கவே முடியாது. எனக்கு ஏது படுக்கிற நாள்? அதை விட்டேன். வெள்ளை மாத்திரையை விடவில்லை. அதைப் போட்டால்தான் கை மடங்கும், கை மடங்கினால்தான் அவரைத் தூக்கலாம். மெடிக்கலில் சீட்டெல்லாம் யார் கேட்கிறார்கள்? காலி அட்டையை நீட்டினால் போதும்.

"அதேதானேக்கா?"

"அதேதாம்பா, குடு."

வருஷக்கணக்காக இப்படித்தான் ஓடியது. முகம் உப்பியது. பார்த்தவர்கள் "நல்லா தேறிட்டீங்க" என்றார்கள். புடவை தரையில் இழுபட்டது; பாவாடை நாடா தளர்ந்துவிட்டது என்று இறுக்கிக் கட்டிக்கொண்டேன். நானே குள்ளமாகிக்கொண்டிருக்கிறேன் என்று எவளுக்குத் தோன்றும்?

ஒரு நாள் காலையில் அவரைத் தூக்கி நிமிர்ந்தேன். வழுக்கவில்லை, விழவில்லை. முதுகில் மளுக்கென்றது. கத்திக்கொண்டே அவரோடு சேர்ந்து கட்டிலில் சரிந்தேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

தாம்பரம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டினார். முதுகெலும்பில் இரண்டு இடம் நசுங்கியிருந்தது.

"விழாமலே எப்படி மேடம் உடையும்?"

"உங்க நோயே எலும்பை பலவீனமாக்கும்மா. அது மேல இத்தனை வருஷம் ஸ்டீராய்டு வேற. வார மாத்திரையை ஒழுங்கா போட்டிருந்தா இதை எப்பவோ நிறுத்தியிருக்கலாம்."

"அப்போ இன்னிக்கே நிறுத்திடறேன்."

"ஐயையோ, திடீர்னு விட்டா உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

வைத்துக்கொள்ளவும் முடியாது, விட்டுத் தொலைக்கவும் முடியாது. சனியன்!

எலும்புக்கு ஊசி எழுதினார். வார மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார், குமட்டலுக்கும் ஒன்று கொடுத்தார். "இனிமே ஒரு குடம் தண்ணிகூட தூக்கக் கூடாது. அடுத்தது இடுப்பு எலும்பா இருக்கலாம்" என்றார். என் வீட்டில் கிடப்பது ஒரு குடமா?

இப்போது ஆள் வைத்திருக்கிறோம். காலையிலும் சாயங்காலமும் வந்து அவரைத் தூக்கி, பாத்ரூமுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டுப் போகிறார். என் வீட்டுக்காரரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார். நடுப்பகலில் நாங்கள் இரண்டு பேர்தான். கொஞ்ச நாளாக இவர் உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கொடுத்தால் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"இன்னாங்க, யார் மேல கோவம்? குடிங்க!"

கோணிய வாயால் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "குடிச்சா வரும். நீ தூக்குவே. ஒடைஞ்சிடுவே."

அழுதேன். அழுதுகொண்டே, தலையைத் தாங்கிப் பிடித்து, டம்ளர் காலியாகும்வரை குடிக்க வைத்தேன்.

மத்தியானம் அவர் என்னைப் பார்த்தார். எதற்கு என்று எனக்குத் தெரியும். சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே போய், அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தூக்கவில்லை. வேட்டி நனைந்தது. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார், ஆனால் கையை விடவில்லை. சாயங்காலம் அந்த ஆள் வரும்வரை ஈரத்தோடேயே கிடந்தார்.