ஓர் ஊர், இரண்டு கடல்

ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் என்றால் யாரும் உள்ளே வந்து கை கொடுக்கலாம் என்று நம்பிய அப்பாவிகளில் நானும் ஒருவன். கதவு திறந்துதான் இருக்கும், பொய் சொல்லவில்லை. ஆனால் செருப்பை எந்தப் பக்கம் பார்த்துக் கழற்ற வேண்டும் என்பதற்கே வாசலில் ஒரு விதிமுறைப் புத்தகம் வைத்திருப்பார்கள்.

முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடும் குடும்பத்தில் பிறந்தவன் நான். கண்மாயைத் தாண்டிப் பெரிய தண்ணீர் பார்த்ததில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சென்னைக் கம்பெனி சொன்னதும், காற்று வரும், நெட்டும் வரும் என்ற ஒரே காரணத்துக்காக மண்டபத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தேன். கீழே வீட்டுக்கார அக்கா. அவர் கணவர் நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர். அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன்.

மண்டபம் ஒல்லியான ஊர். வடக்கே கொஞ்சம் நடந்தால் ஒரு கடல், தெற்கே கொஞ்சம் நடந்தால் இன்னொரு கடல். வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் சும்மா கிடக்கும். தென்காற்று மாதங்களில் அப்படியே தலைகீழ். காற்று மாறும்போது படகுகளைப் பாம்பன் பாலத்துக்கு அடியில் சுற்றிக்கொண்டு போய் மறுகரையில் கட்டிவிடுவார்கள். இது இங்கே பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும்.

தெரியாதவர்கள் ஒரே ஒரு கூட்டம்தான். மீனவர்களுக்கென்றே கடல்நிலை சொல்லும் இலவசச் செயலியை எழுதியவர்கள். ராமநாதபுரத்தில் ஒரு ஹோட்டல் ஹாலைப் பிடித்து, ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் கொடுத்து, எல்லோர் போனிலும் அதை ஏற்றிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். போன் இருக்கிற இடத்துக்கு எந்தக் கடல் கிட்டத்தில் இருக்கிறதோ அதன் நிலையை அந்தச் செயலி சொல்லும். எந்தக் கடல் என்பதை மட்டும் சொல்லாது. அக்கா வீடு தெற்குத் தெருவில் இருந்ததால், அந்த வீட்டில் திறந்தால் தென்கடல்தான். 'மண்டபம்: கடல் அமைதி' என்று பச்சையாக ஒரு டிக் விழும்.

அப்போதுதான் வாடை தொடங்கும் சமயம். அண்ணனின் படகு இன்னும் வடகரையிலேயே கிடந்தது. காலையில் கடலும் நன்றாகத்தான் இருந்தது. மதியத்துக்கு மேல் எப்படி என்று வீட்டில் போனைப் பார்த்தார். சாயங்காலம் வரை பச்சை. நம்பி வடகடலுக்குப் போனார். நடுப்பகலில் வாடை ஏறியது. வலையை அறுத்துவிட்டு, தோள்பட்டை பிசகி, இன்னொரு படகு கட்டி இழுத்துவர வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் அக்கா போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார்.

"தம்பி, நீங்க கம்ப்யூட்டர் வேலதான பாக்குறீக. இது எந்தக் கடலச் சொல்லுதுன்னு பாருங்க. எங்க வீட்டு ஆளு இனிமே இத நம்பிப் போகலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க."

செயலியின் உள்கட்டு முழுக்க யாரும் பார்க்கும்படி திறந்து கிடந்ததால், கோளாறைக் கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. திறந்ததும் 'வடகடலா, தென்கடலா?' என்று கேட்கும்படி இரண்டு பட்டன் வைத்தேன். இந்தத் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று புல் ரிக்வெஸ்ட் அனுப்பினேன். அண்ணன் பிசகிய தோளோடு வந்து சேர்ந்த கதையையும் எழுதினேன்.

முதலில் பதில் போடும் தானியங்கி நிரல் ஒன்று வந்து ராக்கெட் படம் போட்டு வரவேற்றது. பிறகு உரிமைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னது. பிறகு ஒரு மனிதர் வந்தார், மகிழ்ந்தேன். வரிகளுக்கு நடுவே நான் விட்டிருந்த இடைவெளி செயலித் திட்டத்தின் அழகியலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சரிசெய்தேன். கடைசியாகத் திட்டத்தின் தலைவரே எழுந்தருளினார். 'ஓர் இடத்துக்கு ஒரு நிலவரம் என்பது நம் வடிவமைப்புக் கொள்கை. ஒரே ஊருக்கு இரண்டு கடல்நிலை என்பது நடைமுறையில் சாத்தியமா? சான்று இணைக்கவும்.'

எங்கள் ஊரில் கண்மாய்த் தண்ணீருக்கு மண்டை உடைய அடித்துக்கொள்வார்கள். அவர்கள்கூட மடை அடைத்திருக்கிறது என்று ஓடிவந்து சொன்னவனிடம் சான்று கேட்டதில்லை. நான் வரைபடம் இணைத்தேன். வரைபடம் போதாது என்றார்கள். அண்ணனின் தோளை இணைக்க வசதி இல்லை. கொஞ்ச நாள் கழித்து அதே தானியங்கி வந்து, நடமாட்டம் இல்லாததால் கோரிக்கை மூடப்படுகிறது என்று மூடிவிட்டுப் போனது. அதே வாரம் தீபாவளிக்காக முகப்பில் மத்தாப்பு வைக்க ஒருவர் அனுப்பிய திருத்தத்தைக் கைதட்டிச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடலில் கிடப்பவனுக்கு மத்தாப்பு!

தென்காற்று தொடங்கிய பிறகு தலைவர் குடும்பத்தோடு ராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாட வந்தார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், திட்டத்தின் அரட்டைக் குழுவில் அவரே படம் போட்டார். நிலம் முடிகிற அரிச்சல்முனையில் கூலிங் கிளாஸோடு இரண்டு கையையும் விரித்து நிற்கிறார். கீழே எழுதியிருந்தார்: 'நம்பவே முடியவில்லை! இடப்பக்கம் குளம் மாதிரி, வலப்பக்கம் ஆளை அடிக்கும் அலை! ஒரே இடத்தில் இரண்டு கடல்!' குழுவே இதயங்களைக் கொட்டியது.

நான் இதயம் போடவில்லை. அந்தப் படத்தை எடுத்து, மூடிக் கிடந்த என் கோரிக்கையின் அடியில் ஒட்டி, 'சான்று இணைக்கப்பட்டுள்ளது' என்று மட்டும் எழுதினேன்.

அன்றே திறந்தார்கள். போட்டோ ஒட்டித் திறக்க வைத்த கதையை அண்ணனிடமும் சொன்னேன். அடுத்த பதிப்பில் இரண்டு பட்டனும் வந்தன. வெளியீட்டுக் குறிப்பில் 'தலைவர் நேரில் மேற்கொண்ட கள ஆய்வின் பயனாக' என்று போட்டிருந்தார்கள். தீர்த்தமாடியதற்குக் கிடைத்த புண்ணியம் என்று சிரித்துக்கொண்டேன். பெயர் போனால் போகட்டும், அக்காவுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று கீழே இறங்கினேன்.

அக்கா ஏற்கெனவே பார்த்திருந்தார். "ரெண்டு கடலும் வந்திருச்சு தம்பி" என்று போனை நீட்டினார்.

"இனிமே நம்பலாம்க்கா. அண்ணன் பாத்துட்டுத்தான போயிருக்காரு?"

"எங்க? போனை வீட்லயே வச்சுட்டுல்ல போயிருக்காக." அக்கா போனை முந்தானையில் துடைத்து டிவி மேல் வைத்தார். "'ஊருக்கு ரெண்டு கடலு இருக்குன்னு ஒத்துக்கவே போட்டோ கேட்டவுக, நாளைக்கு நான் கடல்ல கெடக்கேன்னு சொன்னா அதுக்கும் போட்டோ கேப்பாக'ன்றாக."