பத்துக்கு எட்டு

எங்கள் பிசியோதெரபி கிளினிக்கில் என்னை அதட்டும் உரிமை முட்டி அக்காவுக்கு மட்டும்தான் இருந்தது. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முட்டிவலி. வைத்தியம் பார்த்தவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. நான் வரவேற்பு மேசையில். அவள் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "தள்ளுக்கா!" என்று கீபோர்டைப் பிடுங்கிக்கொள்வேன். அவள் இடத்துக்கு இப்போது வந்திருப்பவர்கள் பத்து விரலாலும் தட்டுகிறார்கள். எனக்குத்தான் மனசு ஒட்டவில்லை.

மதியச் சாப்பாட்டு வேளையில் அக்கா பிசியோதெரபி ஆராய்ச்சி இணையதளத்தைத் திறக்கச் சொல்வாள். எங்கெங்கோ செய்த ஆய்வுகள் பட்டியலாக வரும், பக்கத்தில் பத்துக்கு இத்தனை என்று மார்க்கோடு.

பெயின்டரான என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. பொறுமையில்லாமல் நானே தேடினேன். ஒரு மின்சிகிச்சை ஆய்வுக்குப் பத்துக்கு எட்டு! பத்தில் எட்டுப் பேருக்குக் கை வந்துவிட்டது என்று நினைத்து வீட்டில் போய்ச் சொன்னேன். அவர் இடது கையாலேயே பழைய பிரஷ்களைக் கழுவி வைத்தார்.

மறுநாள் அக்காவிடம் பீற்றிக்கொண்டேன்.

"அடிப்பாவி! ஆய்வை எவ்வளவு ஒழுங்கா செஞ்சாங்கங்கிறதுக்குத்தான்டி அந்த மார்க். முடிவைப் படிச்சியா?"

படித்தேன். ஒழுங்காகச் செய்து பார்த்து, பலன் இல்லை என்று ஒழுங்காக எழுதியிருந்தார்கள்.

மார்க் இல்லை என்று நான் தாண்டிப்போன மேல்வரியை அக்கா காட்டினாள். "இது பல ஆய்வைச் சேத்து அலசினது. இதுக்கு மார்க் போடுற வழக்கமே இல்ல. முட்டைன்னு நெனச்சியாக்கும்!"

அன்றாட வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் ஓரளவு பலன் உண்டு என்றது அது. அந்த 'ஓரளவு' என்னை அழவைத்துவிட்டது.

"அவர்கிட்ட எப்படிக்கா சொல்லுவேன்?"

"நான் வரேன்."

அன்று மாலையே வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள். "தம்பி, அந்த எட்டு மார்க் உங்க கைக்கு இல்ல. முழுசா வரும்னு சொல்ல மாட்டேன். சட்டைப் பொத்தான்ல ஆரம்பிப்போமா?"

அவர் சட்டையைக் கொண்டுவரச் சொன்னார்.

ஏழு மாதம் தினமும் வந்தாள். அவரால் பிரஷ் பிடிக்கவே முடியவில்லை. அக்கா ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குக் கிளம்பிய நாளில் நாங்கள் பஸ் ஏற்றிவிடப் போனோம். சட்டையில் மற்றதையெல்லாம் அவரே போட்டிருந்தார், கழுத்துப் பொத்தான் மட்டும் பாக்கி. போட்டுவிடக் கை நீட்டினேன்.

"விடுடி!" என்று என் கையைத் தட்டிவிட்டாள் அக்கா.

டிரைவர் ஹாரன் அடித்தார். அக்கா ஏறவில்லை. அந்த பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வருவதற்குள் அவர் போட்டுவிட்டார்.