கத்தரித்த இறகுகள்

அன்று பங்களா வராந்தாவில் துரை, நைனா, நான் மூவரும் இருந்தோம். இறகு கொடுத்த பக்கத்து வீட்டு அன்னம்மா அக்கா மட்டும் இல்லை.

உலகச் சண்டை நடந்த சமயம். ஊட்டி ஓடைகளில் மீன் பிடிக்கும் அடையாற்றுத் துரைக்கு, அவர் தரும் தூண்டில் முள்ளில் இறகு சுற்றி, பூச்சி மாதிரி கட்டித் தருவது நைனாவின் வேலை. சீமைக் கவுதாரி இறகு கப்பலில் வராததால், அக்காவின் பெட்டைக்கோழி இறகில் இரண்டு டஜன் கட்டினார். நுனிகள் கலைந்து தொங்கின. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்த எனக்கு அது அசிங்கமாகப் பட்டது. நைனாவுக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் ஒட்டக் கத்தரித்துவிட்டேன்.

துரை ஒன்றைத் தம்ளர் தண்ணீரில் விட்டார். பூச்சிக்கால் போல அலைய வேண்டிய இறகு விறைத்து நின்றது.

“கோழி இறகு! உதவாது,” என்றார்.

நைனா வெட்டுவாயைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“கோழி மேல தப்பு இல்ல தொரை. என் கைதான் பிசகிடுச்சு.”



வீடு திரும்பும் வழியில், “கத்திரி புடிக்கவாடா உன்னை இஸ்கூலுக்கு அனுப்சேன்?” என்று மட்டும் கேட்டார்.

வாசலிலேயே அக்கா சிரித்தாள். “இன்னா தம்பி, என் கோழி பாஸாயிட்ச்சா?”

துரையிடம் சொல்லாத உண்மையை அவளிடமும் சொல்லவில்லை. படித்தவன் என்ற என் நினைப்புக்காக, பாழான முட்களின் விலையென்று நைனா துரைக்குக் கட்டியது ஒன்பது ரூபாய்.