கோடு தெரிந்த கத்தி

என் அப்பா பக்தவச்சலம் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் கேட்டுக்கு எதிரே முப்பத்தெட்டு வருடம் சலூன் வைத்திருந்தார். சென்ற மாதம், ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருக்கும்போதே மாரடைப்பில் விழுந்தார். நாற்காலியில் இருந்தவர் சோப்பு நுரையோடு பக்கத்து சலூனுக்குப் போய், மீதிச் சவரத்தை முடித்துக்கொண்டு வந்த பிறகுதான் எனக்கு போன் செய்தார். இதை அவரே என்னிடம் சொன்னார். சாவுக்கும் வந்திருந்தார், வழவழவென்ற முகத்தோடு.

அப்பா பத்தொன்பது வயதில் நெமிலியிலிருந்து வந்தவர். அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் தோல் ஊறவைப்பவர்கள். சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த நாற்றம் அவர்கள் கழுத்து மடிப்பில் இருக்கும். சில கடைகளில் ‘குளித்துவிட்டு வரவும்’ என்று ஒட்டியிருந்தார்கள். அப்பா ஒட்டவில்லை. சாயங்காலம் அவரே அந்த நாற்றத்தோடு வீட்டுக்கு வருவார். நான் வேறு அறைக்குப் போய்விடுவேன். உலோகவியல் படிக்க நான் வெளியூர் போனதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

அவரிடம் ஒரு பழைய சீமை மடக்குக் கத்தி இருந்தது. முகத்துக்கு எல்லோரையும் போல, ஒடித்துப் பிடியில் மாட்டும் பாதி பிளேடுக்கு மாறிவிட்ட பிறகும், பெற்றவரைப் பறிகொடுத்தவனுக்குக் கருமாதி அன்று தலை மழிக்க மட்டும் அதைக் கொதிநீரில் போட்டு எடுப்பார்.

“எனக்குக் காரியம் பண்றப்ப உன் தலையில இதான் படணும். கை யாருதா இருந்தாலும் சரி” என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தார். கேட்டது அது ஒன்றுதான்.

அந்தக் கத்தியைக் கல்லில் தீட்டும்போது முதுகுப் பக்கம் மரத்தில் ஓடும் ரேகை போல மெல்லிய கோடுகள் தெரியும். அந்தக் காலத்தில் எஃகை அடுக்கிக் காய்ச்சி அடித்து இணைப்பார்கள். கரிமம் கூடிய அடுக்கும் குறைந்த அடுக்கும் அருகருகே கிடக்கும். அவ்வளவுதான். ஐந்து வருடம் முன்பு ஒரு விடுமுறையில், நீர்த்த அமிலத்தைப் பஞ்சில் தொட்டு, பத்து விநாடி வைத்துக் கழுவிக் காட்டினேன். கோடுகள் கருத்துத் தெளிந்தன. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவர் தம்பி பரணிதரனும் கூட நின்று பார்த்தார். சித்தப்பாவுக்குத் தொழிற்சாலையில், தோலை உப்பிலும் கந்தக அமிலத்திலும் ஊறப்போடும் வேலை.

கருமாதிக்கு முதல் நாள் காலை, கடைச் சாமான்களை எடுத்து வைத்திருந்த சித்தப்பாவிடம் கத்தியைக் கேட்டேன். ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் கைவிட்டு எடுத்தார். அழுகிய முட்டை நாற்றம். தொழிற்சாலையில் தோல் ஊறிய அமிலத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறியிருந்தது.

“இன்னா சித்தப்பா இது?”

“பேனருக்குப்பா. அண்ணன் போட்டோ பக்கத்துல கத்தி போடச் சொன்னேன். கோடு தெரியலன்னான் பிரிண்ட் கடைக்காரன். நீதானே காட்னே, ஆசிட் பட்டா தெரியும்னு.”

“பத்து செகண்டு. பஞ்சுல.”

“ஜாஸ்தி ஊறினா இன்னும் நல்லா வரும்னு நெனச்சேன். தோலு அப்டித்தானே.”

கத்தி பக்கெட்டில் கிடக்கும்போதே, கோடு தெரியாத படத்தை வைத்தே பேனரைத் தெருமுனையில் கட்டிவிட்டிருந்தார்கள். அதில் அப்பா முகத்தைவிடக் கத்தி பெரிது. கீழே சித்தப்பா, கூலிங் கிளாஸில்.

அன்று பகல் முழுக்கத் தீட்டினேன். கல்லில் கறுப்புச் சேறு வழிந்தது. கோடுகள் இதுவரை இல்லாத தெளிவில் எழுந்து வந்தன. அமிலம் அந்தக் கோடுகளின் வழியாகவே உள்ளே இறங்கியிருந்தது. விளிம்பு கூராகும், லென்சில் பார்த்தால் உதிர்ந்திருக்கும். மறுபடி தீட்டினால் மறுபடி உதிரும். சித்தப்பாவைத் திட்ட வாய் வரவில்லை. சொல்லிக்கொடுத்த ஆள் நான். எத்தனை நேரம், எந்த அமிலம் என்று சொல்லாமல் வித்தை காட்டிய ஆள்.

மறுநாள் பாலாற்று மணலில் உட்கார்ந்தேன். சித்தப்பாவும் கடை வைக்காத குறைதான், தொழில் தெரிந்தவர். முதலில் தன் முன்கையில் இழுத்துப் பார்த்தார். பாதி மயிர் அறுந்தது, பாதி பிடுங்கிக்கொண்டு வந்தது.

“வேணாம்ப்பா” என்றார்.

நான் மழிக்கச் சொன்னேன்.

நெற்றிக்கு மேல் ஒரே இழுப்பு. விளிம்பிலிருந்து உதிர்ந்த ஒரு துணுக்கு என் தோலில் குத்தி நின்றது. அதை நகத்தால் பிடுங்கி எடுத்தார். அந்த விரலில் பக்கெட் நாற்றம் அப்படியே இருந்தது.

“அண்ணன் சொன்ன மாதிரி பட்டுச்சுப்பா. போதும்” என்றார். அழுதுகொண்டிருந்தார்.

ஒரு இழுப்பே போதும் என்று சமாதானம் ஆவது எனக்கு அருவருப்பாக இருந்தது. இன்னொரு இழுப்பு கேட்க வாயெடுத்தேன். அவர் கையிலிருந்த விளிம்பைப் பார்த்தேன். அடுத்ததில் சதை வரும்.

பாதி பிளேடை மாட்டச் சொன்னேன்.