என் தலைகுனிவும் என் மகனின் குற்றமும்

என் மகனுக்கு முப்பது வயது. எந்த வேலையிலும் நிலைக்க மாட்டான். அவன் சிறுவனாக இருந்தபோதே கணவர் இறந்துவிட்டதால், பிள்ளையார்பாளையத்தில் கூலித் தறியில் உட்கார்ந்துதான் அவனையும் அவன் தங்கையையும் வளர்த்தேன். அருகில் இருந்து கவனிக்காததால்தான் இப்படி ஆனானோ என்று குமைந்து, அவனுக்காக வீடு வீடாகப் போய் வேலை கேட்பேன்.

சென்ற மாசியில் ஒரு சாயப்பட்டறையில் கெஞ்சிச் சேர்த்துவிட்டேன். ஒரு நாள் அடுப்பில் சாயம் கொதித்துக்கொண்டிருந்த கொப்பரையை அப்படியே விட்டுவிட்டு மேட்னி சினிமாவுக்குப் போய்விட்டான். கவனிக்க ஆளில்லாமல் விறகு சரிந்து, கொப்பரை கவிழ்ந்தது. பட்டறைக்காரரின் மனைவி அந்த நேரம் பார்த்து அடுப்பருகிலிருந்து நூல் எடுக்க உள் அறைக்குப் போயிருந்தார். இல்லையென்றால் வெந்திருப்பார்.

செய்தி கேட்டு ஓடிப்போய் அந்த அம்மாளின் காலில் விழக் குனிந்தேன். படம் முடிந்து வந்த மகன் பட்டறைக்காரரிடம், "என்னாத்துக்கு என்னைத் திட்றீங்க? எங்கம்மா வளத்த லட்சணம் அப்படி" என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நிமிர்ந்தேன்.

"நான் தறியில உக்காந்துக்கினு இருந்ததாலதான்டா நீ சோறு தின்னே! உன் தங்கச்சியும் இதே கையிலதான் வளந்தா. அடுப்பை விட்டுட்டுப் போனவன் நீ. கால்ல நீ விழு!" என்று கத்தினேன்.

அவன் விழவில்லை. முறைத்துக்கொண்டு போய்விட்டான்.

இப்போது அவனுக்காக யாரிடமும் வேலை கேட்பதில்லை, மன்னிப்பும் கேட்பதில்லை. பசி என்று வந்தால் சோறு போடுகிறேன். "உன் பிள்ளை ஏன் இப்படி?" என்பவர்களிடம், "அவனையே கேளுங்க" என்கிறேன். இத்தனை வருடம் அந்தக் கேள்விக்கு நான் தலைகுனிந்து நின்றேனே, அந்தக் கோபம்தான் இன்னும் ஆறவில்லை.