பிரேக்குக்குப் போகாத கால்

கடக், கடக், கடக் என்று மூன்று சத்தம். காலை எட்டு மணிக்கு விழுப்புரத்தில் எங்கள் தெருமுனையில் ஏறி, காரின் பின்கதவை நான் சாத்தியதும் அந்தச் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகுதான் வண்டி நகரும். பழைய வண்டி, எங்கேயோ ஏதோ ஆடுகிறது என்று நினைத்துக்கொள்வேன். அது என்ன சத்தம் என்று இரண்டரை வருடம் நான் கேட்கவே இல்லை. வாய் மட்டும் காது வரைக்கும் உண்டு எனக்கு. கேட்க வேண்டியதைக் கேட்க மட்டும் திறக்காது.

காரை ஓட்டியவர் எங்கள் வங்கிக் கிளையின் மேனேஜர். நான் அதே கிளையில் கேஷியர். கிளை திண்டிவனத்தில், இருவருக்கும் வீடு விழுப்புரத்தில். மேனேஜர் ஆறடி மூன்று அங்குலம். பாதி ஏற்றிய ஷட்டருக்குள் நாங்கள் எல்லாம் குனிந்து நுழைவோம் என்றால் அவர் மடிந்து நுழைவார். செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். அண்ணன் தம்பிகள் இன்றும் நிலத்தில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, போடுகிறார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வழக்கம் அவர்களுக்கு. அதனால் மதியத்துக்கு ஒன்று, சாயங்காலம் ஐந்தரைக்கு ஒன்று என்று இரண்டு டிபன் கேரியர் கொண்டுவருவார். அவை இரண்டும் முன் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி வரும். நான் பின் சீட்டில் வருவேன்.

பின் சீட்டு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். என் கணவர் குவைத்தில் இருக்கிறார். கணவர் வெளிநாட்டில் இருக்கிற பெண் எந்த வண்டியில் எந்தப் பக்கம் உட்காருகிறாள் என்பதைத் தெருவில் காய் வாங்குகிறவர்கள்கூடக் கவனிப்பார்கள். ஆனால் பின் சீட்டிலும் இடது பக்கம் காலியாகத்தானே இருந்தது? அங்கே உட்காராமல் நேராக மேனேஜரின் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்ததற்குக் காரணம் ஊர் இல்லை. பயம்.

அதற்கு முன்பு நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு கிடைத்தது என்று சந்தோஷமாக உட்கார்ந்திருந்தபோது, குறுக்கே வந்த பைக்கை பஸ் இடித்துவிட்டது. அதில் வந்தவன் முன் கண்ணாடியில் மோதி விழுந்ததை முழுதாகப் பார்த்தேன். அவன் பிழைத்து மூன்று மாதத்தில் நடந்துவிட்டான். எனக்குத்தான் சரியாகவில்லை. சாலையைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்வேன். மேனேஜர் இரக்கப்பட்டு, "நம்ம வண்டி சும்மாதான மேடம் போவுது, வந்துடுங்க" என்றார். அவர் முதுகு ஒரு கதவு அகலம். அதற்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் லாரி தெரியாது, எதிரே எதுவும் தெரியாது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பார்களே, அந்தப் பூனை நான்தான்.

இப்படி இரண்டரை வருடம் போன பிறகு, ஒருநாள் காலை விக்கிரவாண்டிக்கு முன்னால் அது நடந்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று சாலை நடுவே விட்டிருந்த இடைவெளியில் புகுந்து குறுக்கே திரும்பியது. எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், நிற்க வேண்டிய வண்டி நிற்கவில்லை என்பதுதான். மேனேஜரின் தோள் ஒருமுறை துள்ளியது. வண்டி இடது பக்கம் சாய்ந்து, மண்ணில் இறங்கி, முள்செடியை உரசிக்கொண்டு நின்றது. ஜன்னலுக்கு ஒரு முழத்தில் கரும்புச் சோகை ஆடிக்கொண்டே போனது. டிராக்டர்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிபன் கேரியர் ஒன்று கவிழ்ந்து சாம்பார் வாசனை வந்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை.

"கால் மாட்டிக்கிச்சு மேடம்," என்றார் மேனேஜர். "முட்டி ஸ்டியரிங்குல இடிச்சிக்கினு பிரேக்குக்கே போவல."

மறுநாளே புது வண்டி வாங்கப் போவதாகக் கிளையில் சொன்னார். நடந்ததை மறைத்து, வீட்டில் டயர் பஞ்சர் என்று சொல்லிவிட்டதாக என்னிடம் மட்டும் சொன்னார்.

கிளையில் ஆளுக்கு ஒரு யோசனை. டீசல் என்றார் ஒருவர். பேட்டரி என்றார் இன்னொருவர். "பேட்டரி வண்டியா? வழியில நின்னுக்கினா பேஜாரு சார்," என்று நகை மதிப்பீட்டாளர் அடித்துச் சொன்னார். கடைசியில் ஹைப்ரிட் என்று முடிவானது. பெட்ரோலும் உண்டு, பேட்டரியும் உண்டு, ஆனால் சார்ஜ் போட வேண்டாம், ஓடும்போது அதுவே ஏற்றிக்கொள்ளும். "இரண்டுங்கெட்டான்" என்று நான் பெயர் வைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பயத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். உண்மையில், இனி காரே வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம், வேலையே வேண்டாம் என்று தினமும் ராத்திரி நினைத்துக்கொண்டு படுப்பேன். காலையில் எழுந்து போய் அதே முதுகுக்குப் பின்னால் உட்காருவேன்.

ஞாயிற்றுக்கிழமை ஷோரூமுக்கு என்னையும் கூப்பிட்டார். "தினமும் நீங்களும் உக்கார்ற வண்டி மேடம். வந்து பாருங்க." அவர் மனைவியும் வந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதிகம் பேசாதவர். முதல் வண்டியில் கூரையில் கண்ணாடி வைத்திருந்தார்கள். இப்போது எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள் என்று விற்பனையாளர் பட்டனை அழுத்தி வானத்தைக் காட்டினார். மேனேஜர் உட்கார்ந்ததும் தலை இடித்தது. அந்தக் கண்ணாடிக்காகக் கூரை இரண்டு அங்குலம் இறங்குமாம். "வானத்தைக் காட்டித் தலையில் குட்டுகிற வண்டி வேண்டாம்," என்றேன் நான்.

இரண்டாவது வண்டியில் அந்தக் கண்ணாடி இல்லை. சீட்டைக் கீழே இறக்கி, பின்னால் தள்ளி, ஸ்டியரிங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தலைக்கு மேல் நான்கு விரல் இடம். கிளச் கிடையாது, இடது காலை நிம்மதியாக நீட்டிக்கொள்ளலாம். வலது காலை ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்கும், பிரேக்கிலிருந்து ஆக்சிலேட்டருக்கும் நான்கைந்து முறை மாற்றிப் பார்த்தார். புதுச் செருப்பு போட்ட குழந்தை மாதிரி அவர் முகம் மலர்ந்திருந்தது. பிறகு, "சத்தமே இல்லன்னு சொல்றீங்களே, ரோட்ல போற ஆடு, நாய்க்கெல்லாம் வண்டி வர்றது எப்படித் தெரியும்?" என்று கேட்டார். மெதுவாகப் போகும்போது அதுவாக ஒரு ஒலி எழுப்பும் என்றார் விற்பனையாளர். மேனேஜருக்குத் திருப்தி.

"மேடம், நீங்க பின்னாடி உக்காந்து பாருங்க."

பழக்க தோஷம், நேராக அவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன்.

கடக், கடக், கடக்.

புது வண்டியில் அந்தச் சத்தம் ஏன் வர வேண்டும்? முன்னால் எட்டிப் பார்த்தேன். முன்கதவு திறந்திருந்தது, அவர் மனைவி அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏங்க, எதுக்கு சீட்டை முன்னாடி இழுக்குறீங்க? முட்டி இடிக்குது பாருங்க."

"பின்னாடி மேடம் இருக்காங்க இல்ல."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். ஒரு பெண்ணின் முழங்கால் தன் சீட்டில் இடித்துவிடக் கூடாது என்று, நான் ஏறும்போதெல்லாம் அவர் தன்னை மடித்துக்கொண்டிருந்தார். நானோ ஐந்தடி. எனக்கு அந்த இடம் தேவையே இல்லை. பயத்தில் நான் தேர்ந்தெடுத்த சீட்டுதான் அவர் காலை பிரேக்குக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தது. இந்தப் புது வண்டியையும் இரண்டே நிமிடத்தில் பழைய வண்டி ஆக்கிவிட்டேன். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் பஞ்சர் பொய்யும் வெளியே வரும், என் பயமும் வெளியே வரும். சொல்லாவிட்டால் இன்னொரு டிராக்டர் வரும்.

சொல்லிவிட்டேன். விக்கிரவாண்டியில் நடந்தது எல்லாவற்றையும், நாக்கு குழற, ஷோரூமிலேயே சொன்னேன். அந்த அம்மாளின் முகம் வெளுத்துப்போனது. "இனிமேல் இடது பக்கம் உக்காந்துக்கிறேங்க," என்றேன்.

"வேணாம்," என்றார் அந்த அம்மாள். "பின்னாடி எங்க உக்காந்தாலும் உனக்கு என்னா தெரியும்? இவரு வலிச்சாலும் சொல்ல மாட்டாரு, இடிச்சாலும் சொல்ல மாட்டாரு. நீ முன்னாடி உக்காரும்மா. இவரு கால் எங்க போவுதுன்னு பாரு. ஊரு எதுனா பேசுச்சுன்னா என்னாண்ட வரட்டும், நான் பாத்துக்கிறேன்."

இப்போது மேனேஜர் ஓய்வு பெற்றுவிட்டார். நான் வேறொருவர் காரில் போய்வருகிறேன், முன் சீட்டில்தான். ஊர் கொஞ்ச நாள் பேசிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டது. பயம் மட்டும் போகவில்லை. ஆனால் அந்த ஹைப்ரிட் வண்டியில் போன முதல் நாளைப்போல் நான் என்றுமே பயந்ததில்லை.

அன்று டிபன் கேரியர் ராஜாக்கள் இருவரும் பின் சீட்டுக்குப் போனார்கள். நான் முன்னால் ஏறினேன். சாவி திருகும் சத்தம் இல்லை, இன்ஜின் உறுமல் இல்லை, தெரு தானாகப் பின்னால் நகர ஆரம்பித்தது. பைபாஸ் ஏறியதும் மொத்தச் சாலையும் என் மடியில் வந்து விழுந்தது. இரண்டரை வருடமாக நான் பார்க்காமல் விட்ட லாரிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்த மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்க்க முடியாமல், அந்த அம்மாள் சொன்னபடி மேனேஜரின் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டேரிப்பட்டு தாண்டி எங்கேயோ, திடீரென்று அந்தக் கால் எழும்பியது. தடையில்லாமல் இடது பக்கம் போய் பிரேக்கில் இறங்கியது. பெல்ட் என் நெஞ்சைப் பிடித்து நிறுத்தியது. நிமிர்ந்தபோது, மல்லாட்டை மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று எங்களுக்கு முன்னால் இரண்டு கை தூரத்தில் நின்றிருந்தது.

"போச்சு மேடம், கால் பிரேக்குக்குப் போச்சு, பாத்தீங்களா?" என்றார். ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தார், முகமெல்லாம் வேர்த்திருந்தது. அதை அதுவரை நான் பார்த்ததே இல்லை.

"சார், உங்களுக்கும் பயமா?"

"இன்னைக்கு நேத்தா மேடம்? உங்களை ஏத்திக்கினு வர ஆரம்பிச்ச நாள்லருந்து."

"ஏன் சார் சொல்லல?"

"நீங்க பின்னாடி பயந்துக்கினு மூச்சு விடுறது எனக்குக் கேக்கும். நானும் பயமா இருக்குதுன்னு சொன்னா மறுநாள் வண்டியில ஏறுவீங்களா?"

ஏறியிருக்க மாட்டேன். ஏறாமல் இருந்திருந்தால் அவர் சீட்டைத் தள்ளிக்கொண்டு காலை நீட்டி, பயமில்லாமல் தனியாக ஓட்டியிருப்பார். பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். முன்னால் இருந்த மூட்டை வண்டி நகர்ந்தது. மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காலைப் பாத்துக்கினே வாங்க மேடம்," என்றார். "எனக்குத் தைரியமா இருக்குது."